படத்தில் உள்ளபடியே

சூரியன் கல்வராயன் மலைப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது; போர்ட்டிகோவின் நிழலோ அந்தச் சூரியனைப் பார்த்தே நீண்டு கிடந்தது. முகம்மது கவுஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். காலையில் விழுந்த இடத்தைவிட்டு நிழல் இம்மிகூட நகரவில்லை.

கள்ளக்குறிச்சியில் பெயின்ட் கடை வைத்துச் சம்பாதித்ததையெல்லாம் கொட்டிக் கச்சிராயபாளையத்தில் அவர் கட்டிய வீடு. ஹாலுக்குள் கரும்பு லாரியை அரைவட்டம் அடித்துத் திருப்பலாம். கூரையை அண்ணாந்து பார்த்தவன் கழுத்து சுளுக்கி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இன்ஜினீயர் கலையரசன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுல ஒரு புல்லு மாறினாலும் சாவி வாங்க மாட்டேன்" என்று கொத்தனார்களின் உயிரை எடுத்திருந்தார்.

படத்தைப் பார்த்த அன்றே கவுஸின் மனைவி ஆசியா பீவிக்கு முகம் சுண்டிப்போனது.

"மாடில யாருங்க இவ, முதுவக் காட்டிக்கினு நிக்கிறா?"

"சும்மா அழகுக்கு வச்சதுங்கம்மா," என்று சிரித்தார் கலையரசன். "முதுவு மட்டுந்தான். மூஞ்சியே கெடையாது."

"என் வூட்ல இவளுக்கு இன்னா வேல?"

"அப்ப அவ எடத்துல நீ நின்னுக்கோ," என்றார் கவுஸ். "வூடும் படமும் அச்சா ஒண்ணாயிடும்."

இன்று குடிவந்த முதல் நாள். கவுஸ் உள்ளே ஓடினார். பக்கத்து ஊர்க்காரனையும் தட்டோடு வரவழைக்கும் ஆசியாவின் கறிக்குழம்பு அடுப்பில் கொப்பளித்துக்கொண்டிருந்தது, சத்தமில்லை. சட்டிக்குள் மூக்கை நுழைத்து, ஆவி முகத்தில் மோத மோத இழுத்துப் பார்த்தும், வாசனையில்லை.

"ஆசியா!"

அத்தனை பெரிய ஹாலில் எதிரொலி இல்லை. குரல் உதட்டிலேயே செத்தது.

யாரையாவது கூப்பிடலாமென்று வாசலுக்குப் பாய்ந்தார். திறந்துபோட்டு வந்த கதவு சாத்திக் கிடந்தது. இழுத்தார். வரவில்லை. தோளால் முட்டினார். வரவில்லை. படத்தில் அது சாத்தியிருந்தது.

மாடிக்கு ஏறினார்.

பால்கனியில் நின்றாள். காலையில் பால் காய்ச்சும்போது கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. முக்காடு. மலையைப் பார்த்தபடி.

"ஆசியா, வா, போயிடலாம்."

தோளைப் பிடித்துத் திருப்பினார். முக்காடு. முதுகு.

சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். முதுகு.

"ஏங்க," என்றது அவள் குரல், அவளுக்குள்ளிருந்து. "எங்கங்க இருக்கீங்க? ஒரே இருட்டா இருக்குதுங்களே. என்னக் கொஞ்சம் திருப்புங்களேன்."

திருப்பினார். மறுபடி திருப்பினார். மறுபடியும்.

முக்காட்டுத் துணியில், கண்கள் இருக்க வேண்டிய உயரத்தில், உள்ளிருந்து இரண்டு இடங்கள் மெல்ல நனைந்துகொண்டே வந்தன.