பனிமூட்டத்தில் ஏறியவன்

தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்ட பிறகும் ரெய்னோ நடுங்கவில்லை. அதுதான் ஐலாவை உறுத்தியது.

அக்டோபர் மாதத்துச் சுப்பீரியர் ஏரி அது, உறைபனிக் குளிர். விழுந்ததும் மூச்சு திணறும், பத்து நிமிஷத்தில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. இருபது வருஷமாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் படகுத்துறையிலேயே கத்தியிருந்தாள்.

"லைஃப் ஜாக்கெட்டைப் போடு. இல்லேன்னா இறங்கு."

"அண்ணனை மிரட்டுற மாதிரி என்னை மிரட்டாதீங்க அண்ணி," என்று சிரித்தான் அவள் கொழுந்தன். "எனக்கு நீச்சல் தெரியும்."

"இந்தத் தண்ணிக்கு அது தெரியாது."

அவன் போடவில்லை, தன் பழுப்புக் கோட்டோடு உட்கார்ந்துகொண்டான். எக்கேடோ கெட்டுப் போ என்று அவளும் பாயை விரித்துவிட்டாள்.

பகல் மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. சட்டென்று காற்று திசை மாற, பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து அவன் தோளில் அறைந்து ஏரிக்குள் தள்ளியது. மிதவை வளையத்தை வீசினாள். பாயைச் சுருட்டினாள். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே துடுப்புப் போட்டு அந்த வெள்ளைக்குள் வட்டமடித்தாள். கடைசியில் படகை ஒட்டினாற்போல், பழுப்புக் கோட்டு முதுகு ஒன்று குப்புற மிதந்து வந்தது. காலரில் கொக்கியை மாட்டி, படகைச் சாய்த்து, உயிரைக் கொடுத்து இழுத்து உள்ளே உருட்டினாள்.

இப்போது படகின் அடித்தளத்தில் குப்புறக் கிடந்தான்; அந்தக் கனத்தைப் புரட்ட அவளால் முடியவில்லை. துருவும் ஏரியடிச் சேறும் கலந்த வாடை. அவன் கோட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. ஒரு கோட்டில் இருக்கக்கூடியதைவிட அதிகமாக.

வயர்லெஸ்ஸில் மீட்பு நிலையத்துக்காரன் கேட்டான்: "நடுங்குறாராம்மா?"

"இல்லை."

"அப்ப உடம்புச் சூடே போயிடுச்சு, நேரமில்லை. ஈரத்துணியைக் கழட்டுங்க. மெதுவா, அதிகம் அசைக்காம."

பொத்தானைத் தேடிக் கோட்டுக்கு அடியில் கைவிட்டாள். கித்தான் துணி. உள்ளே தக்கைக் கட்டைகள். வார் தொட்டதும் இற்று உதிர்ந்தது. லைஃப் ஜாக்கெட். அவள் பிறப்பதற்கு முந்திய காலத்தது.

கையை மெல்ல வெளியே எடுத்தாள்.

அப்போதுதான் கேட்டது. தூரத்தில், பல் கிட்டித்த குரல்.

"அண்ணி... வளையத்தைப் பிடிச்சிட்டேன்... கை மரத்துப் போச்சு... எங்க இருக்கீங்க?"

"ரெய்னோ!"

துடுப்பைத் தண்ணீரில் போட்டு இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கீழே எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

படகு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. விளிம்பில் நான்கு விரல்கள். வெளுத்து, ஊறி, நகமில்லாமல். பக்கத்தில் இன்னும் நான்கு. வலப்பக்கமும்.

"அண்ணி," என்றது பனிமூட்டம். குரல் சன்னமாகியிருந்தது.

கைகள் ஒவ்வொன்றாக ஏறின. அவசரமில்லாமல். விளிம்பில் மரம் தெரியாத அளவுக்கு.