அடித்துத் திருத்திய ‘உண்டு’

“சிஸ்டர், கொஞ்சம் வாங்களேன். அந்தத் துணிக்கடைக்காரர் உள்ளே வரவே மாட்டேங்கறாரு,” என்று மூச்சிரைக்க வந்து நின்றான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள், அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலைமை நர்ஸ் பேனாவை மூடிவிட்டு நிதானமாக எழுந்தார்.

ஒரு வாரமாக வாய் குழறும் அந்த மனிதர் ஸ்கேன் அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் இருந்தார். இடது கண்ணைக் கையால் பொத்தியிருந்தார். பக்கத்தில் மனைவியும் தம்பியும்.

“குகை மாதிரி இருக்குன்னு பயம். தூங்க வச்சு எடுத்துடுங்களேன்,” என்றாள் மனைவி.

“மோதிரம், பெல்ட் எல்லாம் கழட்டியாச்சு. படிவமும் நானே எழுதிட்டேன்,” என்றான் தம்பி.

நர்ஸ் படிவத்தைப் புரட்டினார். “பயந்தவங்க மெஷினைப் பார்ப்பாங்க. இவர் தம்பியையே பார்க்கறாரே! துணி விக்கிறவர் கையில இத்தனை தீப்பொறித் தழும்பு ஏது?”

“முன்னே அண்ணனும் தம்பியும் இரும்புப் பட்டறை வச்சிருந்தாங்க,” என்றாள் மனைவி.

“அதானே. எல்லாத்துக்கும் ஒரே மூச்சுல ‘இல்லை’. ‘கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா?’ இதுக்கு மட்டும் ‘உண்டு’ன்னு எழுதி, அடிச்சு ‘இல்லை’ன்னு திருத்தியிருக்கு. ஏன் தம்பி?”

டெக்னீஷியன் சக்கர நாற்காலியை ஸ்கேன் அறைக் கதவிலிருந்து பின்னுக்கு இழுத்தான். துகள் இன்னும் உள்ளே இருந்தால், அந்தக் காந்தம் அதை அசைத்துக் கண்ணையே கிழித்திருக்கும்.

தம்பி தலைகுனிந்தான். “சாணை பிடிச்சது நான். பொறி அண்ணன் கண்ணுல தெறிச்சுது. கண்ணாடி போடாம சாணைகிட்ட போகாதீங்கன்னு அண்ணி அன்னிக்குக் காலையிலதான் சத்தம் போட்டிருந்தாங்க. தூசின்னு சொல்லிட்டோம். இப்பவும் எழுதும்போது அண்ணி பக்கத்துலயே நின்னாங்க…”

எக்ஸ்ரேயில் கண்ணுக்குள் எள்ளளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. டாக்டர் எம்.ஆர்.ஐ.யை நிறுத்திவிட்டு, காந்தம் இல்லாத சி.டி. ஸ்கேனுக்கு எழுதினார்.

“பன்னெண்டு வருஷமா மறைச்சிருக்கீங்க! ரெண்டு பேரும் சேர்ந்து!” மனைவியின் குரல் உடைந்தது. குனிந்து கணவரின் அங்கியைச் சரிசெய்தாள். “முதல்ல வாய் சரியாகட்டும். அப்புறம் இருக்கு உங்களுக்கு.”

கோணிய வாயோடு அவர் சிரித்தார். கண்ணிலிருந்து கை இறங்கியது.