வர ஐந்தரை, போக இரண்டரை

“நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன். நீங்களே போங்க!”

சுஃபியான் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

இரண்டு வருடம் கழித்து நாளைக்கு துபாயிலிருந்து வாப்பா வருகிறார். தண்டையார்பேட்டையில் அவர்கள் தெருவில் மேயும் ஆட்டிடம்கூட நேற்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் இவன்தான். இன்று ஏன் இந்தக் கோபம்?

“இன்னாடா பேஜாரு இது? நவ்ரீன், உன் தம்பியை நீயே கேளு,” என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

பத்து வயது நவ்ரீன் தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டினாள்.

“வாப்பாவுக்கு நம்ம வூட்டுக்கு வர இஷ்டமில்லக்கா,” என்று மூக்கை உறிஞ்சினான் ஏழு வயது சுஃபியான்.

“யார்ரா சொன்னது?”

“டிக்கெட்டே சொல்லுது.”

அம்மாவின் போனை நீட்டினான். வாப்பா அனுப்பிய டிக்கெட் அதில் இருந்தது. வரும்போது துபாயில் காலை ஒன்பதுக்கு ஏறி, சென்னையில் மதியம் இரண்டரைக்கு இறங்குகிறார். அடுத்த மாதம் திரும்பும்போது சென்னையில் காலை பத்துக்கு ஏறி, துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்குகிறார்.

“வர அஞ்சரை மணி நேரம். போக ரெண்டரை! அதே மூவாயிரம் கிலோமீட்டர்தானே? இங்க வரணும்னா ஆமை மாதிரி வர்றாரு. போவணும்னா மட்டும் பறக்குறாரு!”

நவ்ரீனுக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் புரியவில்லை. தலையைச் சொறிந்தாள். சட்டென்று நோன்புக் கஞ்சி நினைவுக்கு வந்தது.

“டேய், நாம நோன்பு திறக்கறப்போ போன்ல வாப்பா இன்னா பண்ணாரு?”

“என் கஞ்சியையே பார்த்துகினு இருந்தாரு. ‘இங்க மணி அஞ்சுகூட ஆவலைடா’ன்னாரு. நான் கிண்ணத்தைக் காட்டிக் காட்டிக் குடிச்சேன்.”

“நமக்கு அப்போ ஆறேகால் தாண்டிடுச்சு. அந்த ஊரு கடிகாரம் நம்மளுதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி ஓடுதுடா! அங்க ஒன்பதுன்னா இங்க பத்தரை. ரெண்டரைக்கு இறங்குறாரு. இப்போ எண்ணு.”

விரல்கள் மடங்கின. “நாலு.”

“போறப்போ? அங்க பன்னிரண்டரைன்னா இங்க ரெண்டு.”

“பத்துலருந்து ரெண்டு... அதுவும் நாலு!”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. பாதியில் நின்றது.

“நீ சும்மா சமாதானம் சொல்ற. நான் வாப்பா வாட்சைப் பார்த்தாதான் நம்புவேன்.”

மறுநாள் விமான நிலையத்தில் வாப்பா பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கைகளை அகல விரித்தார். சுஃபியான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. வாப்பாவின் கையில் இரண்டு.

“அக்கா, நெசம்தான்!” என்று கத்தினான். அதற்குப் பிறகுதான் தாவி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“இன்னா நைனா, எனக்கு முன்னாடி வாட்சுக்கு சலாமா?” என்று வாப்பா சிரித்தார்.

ராயபுரம் வந்ததும் அவர்களுடைய வேன் நின்றேவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டியவரை வரிசை கட்டியிருந்தன.

“துபாயிலிருந்து நாலு மணி நேரத்துல வந்துட்டேன். இதோ இருக்கிற வூட்டுக்குப் போவ இன்னும் ஒரு மணி நேரமா?” என்று வாப்பா பெருமூச்சு விட்டார்.

அவர் மடியில் உட்கார்ந்து, அந்த வாட்சை ஒன்றரை மணி நேரம் முன்னால் திருகிக்கொண்டிருந்த சுஃபியான் நிமிர்ந்தான்.

“லாரி மெதுவாவே போவட்டும் வாப்பா. நமக்கு இன்னா அவசரம்?”