இரண்டு தட்டினால் இறக்கு

பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்த மார்லிஸுக்கு முதலில் அது அந்தி வெயிலின் மிச்சம் என்றுதான் தோன்றியது. கொல்லையில் மூடி வைத்திருந்த டிரெய்லரின் கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே, நூல் பிடித்தாற்போல ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. வெயில் போய், அதன் பின்னால் இருந்த மக்காச்சோள வயலும் கறுத்துப் போன பிறகும் அந்தக் கோடு போகவில்லை.

"டெல், உள்ள லைட்ட அணைக்காம மூடிட்டியா?"

"அணைச்சேனே." அவள் புருஷன் டெல்பர்ட் தலையைத் தூக்காமல் கடைசிச் சோளக்கதிரில் வெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வெண்ணெய் கூடாதுன்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா உனக்கு?"

"செவிடு நீதான கிழவி, நான் இல்லையே."

கதிரைத் தின்று முடித்துவிட்டு அவன் போய்ப் பார்த்தான். பிடியைச் சுற்றிக் கூரையை ஒரு முழம் தூக்கியதும் கோடு அணைந்துவிட்டது. உள்ளே கையை விட்டுத் தடவினால் விளக்கின் சுவிட்சு அணைத்தபடியேதான் இருந்தது. காலையில் பார்த்தால், புதிதாக வாங்கிப் போட்ட பேட்டரி சொட்டு உயிரில்லாமல் கிடந்தது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், ஆனால் ஆசைப்பட்டு விட்டுக்கொண்டது. வசந்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த டெல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பற்றி, "பொழச்சு எழுந்தா ஏரிக்கரைக்குப் போயிடலாம் மார்லி. ஆலை ஆலைன்னே காலத்தைக் கழிச்சிட்டோம்" என்றான். பிழைத்து எழுந்தான். கோடை முடியப் போகிற நேரத்தில்தான் கைக்கு எட்டுகிற ஒரு பழைய மடக்கு டிரெய்லர் கிடைத்தது. மூடினால் இடுப்புயரப் பெட்டி. பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், முன்னும் பின்னும் ஒவ்வொரு படுக்கையை வெளியே இழுக்கலாம், சுற்றிலும் கித்தான் கூடாரம். சனிக்கிழமை காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. மார்லிஸுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. உயிரோடு இருக்கிற டெல்லை ஏரிக்கரையில் ஒரு நாற்காலியில் உட்கார்த்திப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

விற்றவள் ஹில்டா என்கிற விதவை. டிரெய்லரைக் காட்டுகிற நேரம் முழுக்க இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே நின்றாள். கூரையை எப்படி இறக்குவது, ஒரு தடவை சுற்றிக் காட்டுங்கள் என்று டெல் கேட்டதற்கு, "நான் அதைத் தொடுறதில்லைங்க" என்றாள். வாயால் மட்டும் சொன்னாள்: "ரெண்டு பேர் வேலை. என் வீட்டுக்காரர் உள்ள இருந்து கித்தானை மடிச்சு விடுவார், நான் வெளிய பிடியைச் சுத்துவேன். ரெண்டு தட்டினா இறக்கு. ஒண்ணு தட்டினா நிறுத்து."

மார்லிஸுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. அவளும் டெல்லும் காகித ஆலையில் வேலை பார்த்தவர்கள். எந்திர இரைச்சலில் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. இரும்பைத் தட்டித்தான் பேச்சு, உள்ளங்கைதான் காது. அந்த இரைச்சல் அவளுடைய இடது காதை முழுசாகத் தின்றுவிட்டு வலது காதில் பாதியை மிச்சம் வைத்திருந்தது. கை மட்டும் இன்னும் கூர்மையாகக் கேட்கும். மனுஷர் பேசுவதைவிட இரும்பு பேசுவதை அவள் நம்பினாள்.

கார் கிளம்பும்போது ஹில்டா ஜன்னலருகே வந்தாள். "உள்ள லைட் எரிஞ்சா எரியட்டும்னு விட்டுடுங்க. பேட்டரி போனா போகட்டும். அவரும் அதைத் தேடித் தேடித்தான்…" என்றவள் காரிலிருந்து விலகி நின்றாள். டெல் சிரித்தான். "லைட் எரியலைன்னு புகார் சொல்லிக் கேட்டிருக்கேன். எரியுதுன்னு சொல்ற முதல் ஆள் இந்தம்மாதான்."

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அவன் அதோடு மல்லுக்கட்டினான். கூரையைத் தூக்கி, படுக்கைகளை இழுத்து விட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பார்த்தான். முள் செத்த பாம்பாக அசையாமல் கிடந்தது. எங்கேயும் கசிவில்லை. மூடிவைத்து அரை மணி கழித்து வந்தால் மறுபடியும் அந்த மஞ்சள் கோடு.

"திறந்து வச்சா நல்ல பிள்ளை. மூடினாத்தான் வேலையைக் காட்டுது" என்றான் டெல்.

"உன்ன மாதிரியா? நீ தூங்கினப்புறம்தான குறட்டை."

அவனுக்குக் காபி கொடுக்க உள்ளே ஏறியவள் மூக்கைச் சுளித்தாள். கித்தானின் பூஞ்சை வாடை, மூலையில் எலிப்புழுக்கை, யாரோ எப்போதோ போட்டுவைத்த அந்துருண்டை, இவற்றுக்கெல்லாம் அடியில் சூடேறிய பிளாஸ்டிக்கின் காரம். அதற்கும் அடியில், காய்ச்சல்காரன் நாள்கணக்கில் போர்த்திக் கிடந்த கம்பளியைப் போல ஒரு புளித்த நெடி. டெல் பின்பக்கத்து விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் முன்பக்கத்துப் படுக்கையில் கையை ஊன்றினாள். மெத்தை நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது, ஓர் ஆள் நீளத்துக்கு. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்து பார்த்தால் வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. திரும்ப உள்ளே போய் அந்த மெத்தையைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. ஆனால் டெல்லிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏரிக்கரைப் பயணமே நின்றுவிடுமோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் அவன் முடிவுக்கு வந்துவிட்டான். "கூரை இறங்கறப்போ எங்கயோ ஒயர் நசுங்கி இரும்புல படுது. திறந்து வச்சுப் பாத்தா எப்படித் தெரியும்? நான் உள்ள படுத்துக்கறேன், நீ மெல்ல இறக்கு. ஒயர் இரும்பைத் தொட்டா மீட்டர் கத்தும். நான் ஒண்ணு தட்டுவேன். ஆச்சு."

"நெஞ்சுக்குள்ள வச்ச கம்பி இன்னும் பழகவே இல்ல. பெட்டிக்குள்ள போய்ப் படுக்கணுமா உனக்கு? லைட் எரிஞ்சா எரியட்டும் டெல். பேட்டரி இல்லாமலே போவோம், மெழுகுவத்தி வச்சுக்கலாம்."

"பேட்டரியைக் கழட்டி உன் காலடியிலயே வச்சிட்டுப் போறேன், போதுமா? கரண்ட்டே இல்லாத வண்டி என்னை என்ன பண்ணும்?"

"மேல வந்து இடிச்சா?"

"மூக்குல இடிக்கிற வரைக்கும் ஒண்ணு தட்டாம இருப்பேனா? உன் அளவுக்கு முட்டாள் இல்ல நான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன். படுக்கைகளை உள்ளே தள்ளிவிட்டு, பின்பக்கத்து மெத்தையில் மல்லாந்து படுத்தான். நெஞ்சின் மேல் மீட்டர், வாயில் டார்ச், கையில் தட்டுவதற்கு ஸ்க்ரூ டிரைவர். கதவின் மேல்பாதியை மடக்கிக் கூரையில் மாட்டும்போது அவள் எட்டி அவன் கணுக்காலைத் தொட்டாள். அவன் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான்.

பிடி முன்பக்கத்தில் இருந்தது. மார்லிஸ் ஒரு கையால் அதைப் பற்றி, மறு உள்ளங்கையைப் பெட்டியின் தகரத்தில் பதித்துக்கொண்டாள். பேட்டரி அவள் காலுக்கருகில் புல்லில் இருந்தது. சோளக்காட்டில் காற்று உரசிக்கொண்டே போக, எங்கோ தொலைவில் ஒரு டிராக்டர் வீடு திரும்பிக்கொண்டிருக்க, பாதிக் காதுக்கு எட்டிய சில்வண்டுச் சத்தம் மழைக்கு முன்னால் அடங்குவதுபோல ஒவ்வொரு திசையாக அடங்கிக்கொண்டு வர, அவள் தட்டுக்காகக் காத்திருந்தாள்.

டக், டக்.

சுற்றினாள். கூரையைத் தாங்கிய கம்பிவடங்கள் முனகின. கூரை நான்கு மூலைகளிலும் மெல்லத் தாழ்ந்தது, பிடியில் அதன் பாரம் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல இதமாகத் தெரிந்தது.

டக், டக். மறுபடி சுற்றினாள். கித்தான் உள்ளே மடிந்து விழுந்தது. அந்த நெடி மட்டும் துருத்தி ஊதினாற்போல வெளியே வந்து அவள் முகத்தில் அடித்தது. பாதிவரை இறங்கியாயிற்று. இனி உள்ளே அவனால் எழுந்து உட்கார முடியாது.

"டெல்! போதுமா?"

அவன் பதில் சொன்னானா, சொல்லியும் தனக்குக் கேட்கவில்லையா? கேட்காத காதை எத்தனையோ தடவை சபித்திருக்கிறாள், ஆனால் இந்தத் தடவைபோல அல்ல. உள்ளங்கையை இன்னும் அழுத்தினாள்.

டக், டக்.

நல்ல உறுதியான தட்டு. பதற்றமில்லாத தட்டு. ஆலையில் டெல் தட்டுவதில் எப்போதும் ஓர் அவசரம் இருக்கும், முதல் தட்டின் வாலை இரண்டாவது மிதிக்கும். இது அப்படியில்லை, நிதானமாக இருந்தது. வயசாகிவிட்டது, படுத்துக்கொண்டு தட்டுகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சுற்றினாள்.

டக், டக்.

ஒரு முழம்தான் இடைவெளி. கதவின் கீழ்ப்பாதியையும் கூரையின் விளிம்பு மறித்துவிட்டது.

டக், டக்.

ஒரு சாண்.

எவ்வளவு கிட்டத்தில் தட்டுகிறான்! அவள் கைக்கு நேர் எதிரே, தகரத்துக்கு அந்தப் பக்கம். விரல் கணு உரசுவதுகூடத் தெரிந்தது.

விரல் கணு. ஸ்க்ரூ டிரைவர் இல்லை.

டெல் படுத்திருப்பது பின்பக்கம்.

நினைப்பு வருவதற்குள் டக், டக். கை கேட்டுவிட்டது. ஆலையில் பழகிய கை. மனம் தடுப்பதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

பிடியில் இருந்த பாரம் குறைந்தது. கூரை எதன் மேலோ உட்கார்ந்தது. மெத்தைபோல மெத்தென்று. ஆனால் மெத்தை இல்லை.

விளிம்பில் மஞ்சள் கோடு ஏறியது.

குனிந்து பார்த்தாள். பேட்டரி காலடியில் இருந்தது. அதிலிருந்து எந்த ஒயரும் எங்கேயும் போகவில்லை.

"டெல்!"

பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினாள். சுற்றியது. காற்றில் சுற்றுவதுபோலச் சுற்றியது. கூரை எழும்பவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினாள். இல்லை. விளிம்புக்குள் விரல்களை நுழைத்துத் தூக்கினாள். நகம் பிய்ந்தது. கூரை அசையவில்லை.

பின்பக்கம் ஓடினாள். விழுந்தாள். எழுந்து தகரத்தில் இரண்டு கைகளையும் பதித்தாள்.

டக்.

மெலிதாக. ஸ்க்ரூ டிரைவர்.

டக்.

ஒன்று. நிறுத்து.

டக்.

எவ்வளவு நேரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறான்? முதலிலிருந்தேவா? பின்னால் அவன் ஒன்று ஒன்றாகத் தட்டித் தட்டிக் கெஞ்சிக்கொண்டிருக்க, முன்னால் நின்று இவள் சுற்றிக்கொண்டே இருந்தாளா? "நிறுத்திட்டேன் டெல்! நிறுத்திட்டேன்! என் ராசா, இரு, கொஞ்சம் இரு!" தோளைக் கொடுத்து முட்டினாள். தலையால் முட்டினாள். அலறினாள். சோளக்காடு உரசியது. டிராக்டர் போய்விட்டிருந்தது.

டக்.

நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

கன்னத்தைத் தகரத்தில் வைத்துக்கொண்டாள். தகரம் வெதுவெதுப்பாக இருந்தது. மஞ்சள் கோடு அவள் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் அசங்காமல் எரிந்தது. முன்பக்கத்திலிருந்து தகரம் முழுக்க ஓடி வந்து அவள் கையைத் தொட்டது அது: நிதானமாக, இரண்டு.

பின்பக்கம், அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, டெல்லின் இடத்திலிருந்து ஒரு தட்டு வந்தது.

"டெல்!" உயிர் திரும்பி வந்ததுபோல அழுதாள். "கேக்குது டெல், கேக்குது…"

அடுத்த தட்டு வந்தது.

இரண்டு.

அவசரம் இல்லை. முதல் தட்டின் வாலை இரண்டாவது மிதிக்கவில்லை. விரல் கணு.

முன்பக்கத்தில் இரண்டு. பின்பக்கத்தில் இரண்டு.

மார்லிஸ் கைகளைத் தகரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்வாங்கினாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றையொன்று விடாதபடி இறுகக் கட்டிக்கொண்டாள். இனி எதையும் அவள் கை கேட்காது. இருட்டில் அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

பல வருஷங்களுக்கு முன்னால் செத்துப்போன அவளுடைய இடது காதில், பளிச்சென்று, மிகக் கிட்டத்தில் கேட்டது.

டக், டக்.