மழை நாளில் பெயிண்ட் அடிப்பதில்லை

உசுய் பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். முகம் சுளித்தது. மறுபடி குலுக்கினார்.

"டேய் ரியோஜி, இது சரியில்லையே."

ஸ்டேஷன் பின்பக்கத்தில், பாகம் பாகமாகக் கோத்துச் செய்யும் மாடல் கிட் பொம்மைகளுக்குக் கடை வைத்திருப்பவர் உசுய். பிரிக்காத பெட்டியைக் குலுக்கியே உள்ளே என்ன இருக்கிறது, எது குறைகிறது என்று சொல்லிவிடுவார். ரியோஜி பல வருடமாக வாங்கி அடுக்கி வைத்திருந்த ரோபோ பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார். அந்த அறை இனிமேல் குழந்தைக்கு.

"பிரிக்கவே இல்லண்ணே. டேப்பைப் பாருங்க."

"டேப்பு இருக்கு. சத்தம் இல்ல. நிறைய இருந்தா சலசலன்னு கேக்கும். இது ஓட்டைப்பல்லு கிழவன் சிரிக்கிற மாதிரி கேக்குது."

டேப்பைக் கத்தியால் கீறித் திறந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் உறைகள், ஒட்டிய வாய் ஒட்டியபடி. உறைக்குள் சட்டங்கள், சட்டங்களில் பாகங்கள். மூட்டுகள் மட்டும் இல்லை. முழங்கை, முழங்கால், கழுத்து, விரல் கணுக்கள். அவை இருந்த இடத்தில் சுத்தமாக வெட்டிய காம்புகள் மட்டும் நின்றன. நல்ல கைப்பழக்கம் உள்ள ஒருவன் நிதானமாக வெட்டிய வெட்டு.

அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"கம்பெனியில தூங்கிட்டானுங்களா, இல்ல நீ என்னை வெச்சு விளையாடுறியா?" என்றார் உசுய். "நொண்டி ரோபோவை எவன்டா வாங்குவான்? சரி, உதிரிப் பாகத் தொட்டியில போட்டுக்கறேன். ஏத்து."

கடைசியாக மிஞ்சியது பெரிய பெட்டி. முதல் சம்பளத்தில் வாங்கியது. உசுய் குலுக்கினார். சலசலவென்று நிறைவான சத்தம்.

"இது ஒண்ணு பத்தரமாத்து."

"அது இருக்கட்டும்ணே."

உசுய் அவனை ஒரு பார்வை பார்த்தார். "சயோரிக்குத் தெரியுமா?"

ரியோஜி அந்தப் பெட்டியைச் சுவர் அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவே தள்ளிச் சறுக்குக் கதவை இழுத்து மூடினான்.

வண்டி போனதும் அறையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஜூன் மாத மழை. பெய்வதும் தெரியாது, விடுவதும் தெரியாது. சுவரெல்லாம் வியர்க்கும், பாய் விரித்த தரை காலில் ஒட்டும். பெயிண்ட் அடிக்கும் எவனும் இந்த மாதத்தில் ஸ்பிரே கன்னைத் தொட மாட்டான். ஈரக் காற்றில் அடித்தால் பெயிண்டுக்கு மேல் பால் படிந்த மாதிரி ஒரு வெள்ளை மூட்டம் கட்டிக்கொள்ளும். என்ன தேய்த்தாலும் போகாது.

அவன் அடித்தே பல மாதம் ஆகிறது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் மனைவி சயோரி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசனை இருக்கும் வீட்டில் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டேன். அவன் விட்டுவிட்டான். பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறையில் பார்த்த ராத்திரி ஷிப்ட்டையும் விட்டான். இப்போது ஒரு கிடங்கில் பகல் வேலை. உடம்புக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. படுத்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. எழுந்து நடக்கிறான். கைக்கு வேலை இல்லை. நகத்தைக் கடிக்கிறான்.

சயோரி பிரசவத்துக்கு ஹமமட்சு ஊரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனாள். பெண் பிறந்தது. நாவோ என்று பேர் வைத்தார்கள். ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சயோரியின் வயிற்றில் கை வைத்திருந்தபோது உள்ளிருந்து மெத்தென்று உதைத்ததே, அந்தக் கால் இதுதானா என்று பிடித்துப் பார்த்தான். மற்றபடி போட்டோக்கள்தான். அவன்தான் கேட்டுக் கேட்டு வாங்கினான். முன்னால் எடு, பக்கவாட்டில் எடு, முதுகு தெரிய எடு, மணிக்கட்டைக் கிட்டத்தில் எடு.

"உன் பொம்மைக்குக் கேக்குற மாதிரியே கேக்குறியே," என்று சிரித்தாள் சயோரி. ஆனாலும் எடுத்து அனுப்பினாள்.

எல்லாவற்றையும் அச்சுப் போட்டு வேலை மேஜைக்கு மேலே, சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தான். கிட் செய்யும்போது மாதிரிப் படங்களை ஒட்டுகிற அதே இடத்தில்.

சாயங்காலம் போன் அடித்தது.

"என்ன, பட்டாளம் ஊர்வலம் போயாச்சா?" சயோரியின் குரல் சளியில் கட்டியிருந்தது.

"போயாச்சு. உசுய் அண்ணன் வண்டியில."

"எல்லாமா?"

"எல்லாம்."

"அம்மா சொல்றாங்க, தின்னர் வாசனை ஒரு பொட்டு அடிச்சாலும் அடுத்த ரயில்ல திரும்பி வந்துடணுமாம்."

"அத்தைக்கு அங்கேருந்தே மூக்கு நீளுமா?"

"பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

தூரத்தில் மாமியார் தொண்டையைக் கனைப்பது கேட்டது. ரியோஜி சிரிக்க வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

வாசனை.

இனிப்பும் காரமும் கலந்த, மூக்கின் மேல்தண்டில் போய்க் குத்துகிற வாசனை. கனவில் வந்தால்கூட அவன் கண்டுபிடித்துவிடுவான்.

"ரியோஜி? இருக்கியா?"

"இருக்கேன். குழந்தைகிட்ட குடு."

நாவோ ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சின்னதாக, ஈரமாக. அதைக் கேட்டுக்கொண்டே அவன் அறையை முகர்ந்தபடி நடந்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த ஜன்னல் ஓட்டையை அட்டை வைத்து அடைத்திருந்தான். வாசனை அங்கிருந்து வரவில்லை. தெருவிலும் இல்லை. அறைக்குள்ளேயேதான் இருந்தது. சுவர் அலமாரிப் பக்கம் போனால் கூடியது, விலகினால் குறைந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்து குழந்தை மெத்தையை விரித்தபோது கையில் நறநறத்தது. மாவை விட மெல்லிய வெள்ளைத் தூள். விரலில் எடுத்துத் தேய்த்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிளாஸ்டிக் தூள். இரண்டு பாதிகளை ஒட்டி, ஒட்டிய கோடே தெரியாதபடி மணிக்கணக்கில் தேய்த்தால்தான் இவ்வளவு மெல்லிசாக வரும். மெத்தையை உதறினான். உறையைத் துவைத்தான். தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பினால் தலையணையின் நடுப்பள்ளத்தில் மறுபடியும் ஒரு சிட்டிகை.

நான்தான் செய்கிறேனோ என்று நினைத்தான். தூக்கம் இல்லாத உடம்பு, அவனுக்குத் தெரியாமல் எழுந்து உட்கார்ந்து வேலை செய்கிறதோ. கைகளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். நகக்கண் சுத்தமாக இருந்தது. அந்த நினைப்பு பொய் என்று தெரிந்ததில் அவனுக்கு நிம்மதி வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. சனிக்கிழமை சயோரியும் குழந்தையும் வருகிறார்கள். நாள் முழுக்க மழை இருட்டு. மதியத்திலேயே விளக்குப் போட்டு, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறுவதுகூடத் தெரியாமல் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தான். அப்போதுதான் கேட்டது.

கீச்.

எலியோ என்று நின்றான்.

கீச்.

எலி இல்லை. புது மூட்டு இறுக்கமாக இருக்கும். முதல் முதலாக மடக்கும்போது இப்படித்தான் கத்தும். எத்தனையோ தடவை அவன் விரலுக்கு நடுவே கத்தியிருக்கிறது. மடங்குகிறது. நீளுகிறது. யாரோ சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள்.

சறுக்குக் கதவைத் திறந்தான். மேல்தட்டில் போர்வைகளும் அந்தப் பெட்டியும். கீழ்த்தட்டில் அவன் வாங்கி அடுக்கிய குழந்தை டயப்பர் கட்டுகள். அவற்றில் ஒன்று கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. விலக்கினான்.

ஒரு கை.

தோளில் இருந்து விரல் நுனி வரை. அவன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். மூட்டு உள்ளேதான் இருக்க வேண்டும், ஆனால் வெளியே தெரியவில்லை. ஒட்டிய கோடும் தெரியவில்லை. அத்தனை சுத்தமாகத் தேய்த்திருந்தது. மேலே அடித்த தோல்நிறம் மட்டும் கெட்டிருந்தது. மழை நாளில் அடித்த பெயிண்ட். பால் மூட்டம். பிறந்த அன்று நாவோவின் மேல் பூசியிருந்த வெள்ளை மாவு மாதிரி.

மணிக்கட்டில் நூல் கட்டிய மாதிரி ஒரு மடிப்பு.

அவன் மெதுவாகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். போட்டோவில் அதே மணிக்கட்டு. அதே மடிப்பு. முன்னால், பக்கவாட்டில், முதுகு தெரிய. மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற உயரம். ஒரு கிட் செய்ய என்னென்ன கோணம் வேண்டுமோ அத்தனையும் அவனே கேட்டு வாங்கி, அவனே ஒட்டி வைத்திருந்தான்.

போட்டோவின் ஓரங்களில் வெள்ளைக் கறை. பெயிண்ட் கையோடு அடிக்கடி தொட்டுப் பார்த்தால் படிகிற கறை. விரல் ரேகை இல்லை. வெறும் சின்னச் சின்ன வட்டங்கள்.

உள்ளங்கையில் இருந்த கை மடங்கியது.

கீச்.

அலறியது தெரியும். அதை உள்ளே எறிந்ததும் கதவைச் சாத்தியதும் தெரியும். போட்டோக்களைப் பிய்த்தான். சுவர்ப் பூச்சும் சேர்ந்து வந்தது. போனை எடுத்தான். விரல் வழுக்கியது.

"சயோரி, நாளைக்கு வராதே."

"என்னது?"

"வராதே. கொஞ்ச நாள் போகட்டும். நானே அங்க வரேன்."

அந்தப் பக்கம் சளியை உறிஞ்சும் சத்தம். பிறகு, "பெயிண்ட் அடிக்கிறே."

"இல்ல."

"எனக்குத் தெரியும். அன்னிக்கு 'எல்லாம்'னு சொன்னப்பவே உன் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன். ஸ்டேஷன்ல இறங்கியாச்சு."

"சயோரி, அங்கயே நில்லு—"

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினான். பஸ் நிறுத்தம். குடைகள். அவள் இல்லை. ஒரு பஸ் வந்தது, போனது. ஸ்டேஷன் வரை ஓடினான். அங்கும் இல்லை. திரும்பும் வழியில் எதிரே ஒரு காலி டாக்சி, அவன் வீட்டுச் சந்திலிருந்து வெளியே வந்தது.

வீட்டு வாசலில் அவள் செருப்பு. சொட்டும் குடை.

சயோரி கூடத்தில் உட்கார்ந்து நனைந்த காலுறையை உருவிக்கொண்டிருந்தாள். மடியில் ஒன்றும் இல்லை.

"எங்கே ஓடினே? மாடு மாதிரி நனைஞ்சிருக்கே."

"பாப்பா எங்க?"

"உள்ள. வர்ற வழியிலேயே தூங்கிட்டா, மெத்தையில போட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "வாசனையும் இல்ல ஒண்ணும் இல்ல. சும்மா சந்தேகப்பட்டுட்டேன். கோச்சுக்காதே. மெத்தை எல்லாம் எவ்வளவு அழகா—"

உள்ளே குழந்தை அழுதது.

ஒரே ஒரு வீறிடல். பாதியில் நின்றது. கதவை மூடினால் சத்தம் நிற்குமே, அந்த மாதிரி.

அவன் ஈரக் காலோடு வழுக்கி விழுந்து எழுவதற்குள் சயோரி அறைக்குள் போய்விட்டாள். அவன் வாசற்படியை எட்டியபோது அவள் துண்டில் சுற்றியதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ஷ்ஷ். அமைதியாயிட்டா. அங்கே ராத்திரியெல்லாம் கத்தித் தீர்ப்பா தெரியுமா? அப்பா வீடு பிடிச்சுப்போச்சு போல."

துண்டின் மேலே ஒரு நெற்றி தெரிந்தது. வெள்ளையாக, மூட்டமாக.

"பாலைக் கக்கியிருக்கா பாரு," என்று சயோரி கட்டைவிரலால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். "கை எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு. குளிருது போல."

அவனுக்குத் தின்னர் வாசனை அடித்தது. அவளுக்குச் சளி.

மெத்தையைப் பார்த்தான். காலி. நடுவில் ஒரு சின்னப் பள்ளம், இன்னும் நிமிராமல்.

சறுக்குக் கதவு விரல் அகலம் திறந்திருந்தது.

திறந்தான். கீழ்த்தட்டில் டயப்பர் கட்டுகள். பின்னால் ஒன்றும் இல்லை. மேல்தட்டில் போர்வைகள். பெட்டி. ஓரத்தில் கம்பெனி ஒட்டிய டேப், ஒரு குமிழிகூட இல்லாமல், ஒட்டியது ஒட்டியபடி.

இரண்டு கையாலும் இறக்கினான். கனம். பிளாஸ்டிக்கின் கனம் இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்தது, மெதுவாக, சலசலப்பே இல்லாமல். பழக்க தோஷத்தில் குலுக்கப் போன கை பாதியில் நின்றது. காதை வைத்தான்.

அட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

"இன்னும் ஒரு பெட்டியா?" பின்னால் சயோரியின் கிசுகிசுப்பு. "பொய்க்காரா. சரி, இன்னிக்கு உன்னைத் திட்ட மாட்டேன். அதை வெச்சுட்டு இங்கே வா. பாரு, உன்னைத் தேடுறா."

கீச்.

அவள் தோளுக்கு மேலே அந்தத் தலை அவன் பக்கம் திரும்பியது. அவனைத் தாண்டியும் திரும்பிக்கொண்டே போனது.

கையிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து, மெத்தென்று, ஒரு முறை உதைத்தது.