கெடாத இறைச்சி

அந்தச் சாசேஜில் நாற்றம் இல்லை. அதைக் கையில் எடுத்த எஸ்னாத் அப்படியே நின்றுவிட்டாள்.

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. லுவான்ஷா நகரின் அக்டோபர் கோடை வெயிலில் அவள் கடையின் தகரக் கூரை படபடவென்று விரிந்து சத்தம் போட்டுக்கொண்டே இருக்க, இனி கரண்டை நம்பிப் பயனில்லை என்று முடிவுசெய்து, மூக்கைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்திருந்தாள். மேலே இருந்த கோழி பச்சைக் கூழாகியிருந்தது. மீன் பொட்டலங்கள் பலூன் போல ஊதி, விரல் பட்டதும் பீய்ச்சியடித்தன. புழுக்கள் விளிம்பு வரை ஏறி வந்திருந்தன. இத்தனைக்கும் அடியில், கறுத்த நீரில் முங்கிக் கிடந்தன சாசேஜ் பொட்டலங்கள். ஒன்றைக் கழுவிப் பிரித்தாள். இளஞ்சிவப்பு. உலர்ந்த தோல். அழுத்தினால் மெல்ல எழும்பிவரும் சதை. பக்கத்திலேயே நெளிந்த புழு ஒன்றைக் குச்சியால் அதன் மேல் வைத்துப் பார்த்தாள். அது அவசரமாக இறங்கிப் போனது.

உறையில் பச்சை மலை, அதில் மேயும் ஒரு பசு. ‘மலையோரம். சுத்த மாட்டிறைச்சி. ரசாயனம் எதுவும் சேர்க்கப்படவில்லை.’

மறுநாள் வேனில் வந்த ஸிவாலேயிடம் காட்டினாள். சரக்குப் போடும் அந்த ஆள் எப்போதும் இஸ்திரி கலையாத சட்டையில்தான் வருவார்.

“இது ஏங்க கெடல?”

“கெட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“திட்டியிருப்பேன்.”

“பாருங்க, கெட்டாலும் திட்டு, கெடலைன்னாலும் சந்தேகம். உங்ககிட்ட யாவாரம் பண்றது கல்யாணம் கட்டின மாதிரிதான் இருக்கு.” சிரித்துக்கொண்டே இன்னும் நான்கு பெட்டிகளை இறக்கினார். “நல்ல பொருள் கெடாதுக்கா. உறையிலயே போட்டிருக்குல்ல.”

போட்டிருந்தது. அவள் விற்றாள். கடையில் அதைப்போல ஓடுகிற சரக்கு வேறில்லை. ஆனால் இன்ன இறைச்சி என்று தனக்குத் தெரியாத எதையும் அவள் வாயில் வைப்பதில்லை, அவள் சபையின் வழக்கம் அது. எட்டு வயது லூசேயிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். கணவன் பூபேயிடம் சொல்லிப் பயனில்லை. சனிக்கிழமை சபைக்கு வராத மனிதன், கார் பட்டறையிலிருந்து வந்ததும் சோளக் களியோடு இரண்டு சாசேஜைக் கரியடுப்பில் வாட்டித் தின்றால்தான் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

மழைக்காலத்தில் அவன் கட்டைவிரலைத் தகடு கிழித்தது. நகத்தடியிலிருந்து மணிக்கட்டு வரை ஆழமான கிழிசல். அவள் பதறிக்கொண்டு துணியும் உப்புநீருமாக ஓடிவந்தாள். துடைக்க ஒன்றுமில்லை. வெட்டு வாயைத் திறந்துகொண்டிருந்தது, உள்ளே சுத்தமான இளஞ்சிவப்பு.

“வலிக்கலையா?”

“ஒண்ணும் தெரியல. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற, லூசே அம்மா? ரத்தம் வந்தாத்தான் திருப்தியா?”

வாரங்கள் போயின. காயம் ஆறவில்லை. சீழும் பிடிக்கவில்லை. பட்டறையின் கிரீஸும் அழுக்கும் புகுந்தும் அது வெட்டிய அன்று இருந்தபடியே இருந்தது. அவன் அந்தக் கையாலேயே களியை உருட்டினான். பிறகு களியை விட்டான். கீரையை ஒதுக்கினான். சாசேஜ் மட்டும். மாலையில் அவன் வீட்டுக்குள் நுழையும்போது முன்பெல்லாம் முந்திக்கொண்டு வரும் வியர்வை வாடை வரவில்லை. அவன் சட்டையை மோந்து பார்த்தாள். பெட்ரோல், இரும்பு, மழை. ஆள் இல்லை.

“உன் வீட்டுக்காரர் இளந்தாரி ஆயிட்டாரேடி!” என்றாள் பக்கத்து வீட்டு மெர்விஸ். “என்னைப் பாரு, முட்டிவலி போன இடம் தெரியல. இன்னும் ரெண்டு பாக்கெட் குடு. என் புருஷன் என்னைப் பார்த்துப் பயப்படணும்.”

தன் கேலிக்குத் தானே சிரித்த மெர்விஸின் தோளில் எஸ்னாத் விளையாட்டாகத் தட்டினாள். தட்டிய கையை ரகசியமாகப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஃப்ரீசருக்குள் கைவிடும்போது விரலில் படுமே, அந்தக் குளிர்ச்சி. அந்த அழுத்தம். மெல்ல எழும்பிவரும் சதை.

மழையில் கடை ஒழுகியபோதுதான் உறையின் ஓரம் எழும்பியிருப்பதைக் கண்டாள். நகத்தால் நெம்பினாள். பசுவும் மலையும் உரிந்து வந்தன. அடியில் இன்னொரு பசு, இன்னொரு பெயர். ‘பண்ணைப் புதுசு. இன்றே செய்தது.’ அதையும் உரித்தாள். அதன் அடியில் ஒரு வீடு, சிரிக்கும் குழந்தைகள், வேறு பெயர், அதே சொற்கள். கடைசித் தாள் பழைய நோட்டு போல நைந்து, நிறம் போய், பசுவின் முகமே தேய்ந்திருந்தது. கீழே அச்சிட்ட தேதியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். லூசே பிறப்பதற்கு முந்தைய ஆண்டு.

ஸிவாலேயின் எண்ணை அழைத்தாள். அது யாரிடமும் போய்ச் சேரவில்லை. ஆனால் செவ்வாய்தோறும் காலையில் கடை வாசலில் பெட்டிகள் இருந்தன. வேனை யாரும் பார்க்கவில்லை. வேண்டாமென்று கதவைப் பூட்டிக்கொண்டாள். தெருக்காரர்கள் தாங்களாகவே பெட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டு, காசை வாசலில் ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போனார்கள்.

ஜூனில் அந்த ஊரின் குளிர்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் பூபே பாயில் மல்லாந்திருந்தான். கண் திறந்திருந்தது. தூங்குகிறானா என்று தெரியவில்லை. அவன் மார்பை உற்றுப் பார்த்தபடி அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே மினிபஸ் பையன் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான், யாரோ கரியை உடைத்தார்கள், தூரத்துத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி ஒரே வரியில் சிக்கித் திரும்பத் திரும்ப ஒலித்தது. அவள் மெதுவாகக் குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள்.

கரி உடையும் சத்தம். பாட்டு. தன் காதுக்குள் தன்னுடைய ரத்தமே இரைவது.

அவனுள்ளே ஒன்றுமில்லை.

அழுத்தி வைத்தாள். இன்னும் காத்திருந்தாள். ஒன்றுமில்லை.

“என்ன தேடுற?” என்றான் பூபே, அன்பாக.

அவள் காதுக்கடியில் மார்பு அசையவில்லை.

அன்றிரவு அவள் லூசேயின் பக்கத்தில் படுத்தாள். “நீ அதைத் தொட்டியா? உண்மையைச் சொல்லு.”

“தொடலம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.” குழந்தை கம்பளிக்குள் சுருண்டுகொண்டது. அந்தச் சின்ன நெஞ்சில் காது வைக்க மட்டும் எஸ்னாத்துக்குத் துணிவு வரவில்லை.

விடியும் முன்பே எழுந்து, கடையில் மிச்சமிருந்த பெட்டிகள் அத்தனையையும் பின்பக்கக் குப்பைக் குழிக்கு இழுத்துக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றினாள். புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். உறைகள் சுருண்டன. பசுக்கள் கருகின. கொழுப்பு உருகவில்லை. கறி வேகும் வாசனை வரவில்லை. நீலத் தீக்குள் இளஞ்சிவப்பு அப்படியே கிடந்தது.

வேலிக் கதவு கிரீச்சிட்டது.

மெர்விஸ் வந்தாள், கையில் ஒரு கிண்ணம். பின்னால் அவள் கணவன். பிறகு எதிர்வீட்டுக்காரர்கள். அதற்குப் பின்னாலும் வந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. குழியைச் சுற்றிக் குந்தினார்கள்.

“வீணாக்கிட்டியே, லூசே அம்மா.” பூபே அவளைத் தாண்டிப்போய்த் தீக்குள் கையை விட்டான். நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்தான். மற்றவர்களுக்குக் கொடுத்தான்.

“திட்டாதீங்க அவளை,” என்றாள் மெர்விஸ் மென்றுகொண்டே. “நெருப்புல போட்டதுதான் ருசி. இவ்வளவு நாளா நமக்குத் தோணலையே!”

எல்லாரும் சிரித்தார்கள். விடியல் வெளிச்சம் மெதுவாக ஏறியது. கடும் குளிர். எஸ்னாத் மூச்சுவிடும்போதெல்லாம் முகத்துக்கு முன்னால் வெள்ளைப் புகை எழுந்து கலைந்தது. அவர்கள் பேசினார்கள். சிரித்தார்கள். கேலி செய்தார்கள். அத்தனை வாய்கள். ஒன்றின் முன்னாலும் புகை இல்லை.

அவள் பின்வாங்கினாள். ஒரு சின்னக் கை அவள் இடுப்புத் துணியைப் பிடித்தது.

“அம்மா.”

லூசே. வெறுங்காலோடு. உறைபனியின் மேல்.

“உள்ள போடி! குளிரு!”

“எனக்குக் குளிரலையே.”

எஸ்னாத் முழங்காலிட்டாள். மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். அந்த உதடுகளையே பார்த்தாள். வெள்ளையாக ஏதாவது. கொஞ்சமாவது. ஒரு நூலளவு.

“என்னம்மா பாக்குற?” என்றாள் லூசே. நடுவில் தொங்கிய புகை முழுவதும் எஸ்னாத்துடையது. அது கலைந்தது. மகளின் வாய் தெளிவாகத் தெரிந்தது.