உத்தேசி சொன்ன ஒருவர்

நிலவின் தென்துருவத்தில், முத்துக்குழிக் குடியிருப்பில், யாரும் யாரையும் எண்ணுவதில்லை. அதற்கு உத்தேசி என்ற கணிப்பொறி இருந்தது.

எந்த விசேஷமானாலும் எப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று சொன்னால் போதும். எத்தனை பேர் என்று அது சொல்லும்; அந்த அளவுக்கு மண்டபத்தில் காற்றும் சமையற்கூடத்தில் சோறும் ஒதுக்கப்படும். லட்சம் பேரின் விவரத்தையும் புரட்டிப் பார்க்க அதற்குப் பொறுமை கிடையாது. அங்கங்கே சிலரைப் பொறுக்கிப் பார்த்து, பத்தில் ஒருவர் சுரங்கத் தொழிலாளி, இருபதில் ஒருவர் தென்வரிசைக்காரர் என்று சுருக்கமாக எழுதி வைத்துக்கொள்ளும். மீதி பெருக்கல்தான். பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

அமலி பனிச்சுரங்க வண்டியின் ஓட்டுநர். இன்னும் ஓட்டுகிறேன் என்று மன்றாடிப் பார்த்தும், வயது வரம்பு என்று ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பிரிவு விருந்துக்கு விண்ணப்பித்தது அவள் கணவன் சூசை. உத்தேசியைப் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. மனைவியின் விருந்தில் ஒரு குறையும் வரக்கூடாதென்று, வரப்போகிறவர்களை ஒன்றுவிடாமல் விவரித்திருந்தான்: பனிச்சுரங்கத்தில் வேலை, முதல் ஷிப்ட், தென்வரிசையில் குடி, அமலியின் வண்டியில் பயணம், போகும்போது பாட்டுக் கேட்கும் பழக்கம்.

பதில் வந்தது. வருகை: ஒருவர்.

"ஒராளா?" அமலி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இத்தன வருசம் ஓட்டியிருக்கேன். யாருங்க அந்த ஒராளு?"

"நாந்தான், வேற யாரு? நான் வராம இருப்பேனா?"

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உத்தேசி பூஜ்யம் என்று சொல்லாது. கணக்கு எவ்வளவு கீழே போனாலும் ஒன்றில் நின்றுவிடும். ஆளே இல்லை என்று நம்பித் திட்டம் போடக்கூடாது என்பது அதைச் செய்தவர்கள் வைத்த விதி. அந்த ஒருவர், யாருமே இல்லை என்பதாகவும் இருக்கலாம்.

மண்டபத்துக்குப் பதில் ஒரு சின்ன அறைதான் கிடைத்தது. அமலியையும் அந்த ஒருவரையும் சேர்த்து இரண்டு பேருக்குக் காற்று, இரண்டு தட்டுச் சோறு. அமலி புதுச் சேலை கட்டிக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள். சூசை எதிரே உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சூசை திறந்தான். தாழ்வாரம் முழுக்கத் தலைகள். முதல் ஷிப்டில் அவள் வண்டியில் போகிறவர்கள் மொத்தமும் நின்றார்கள்.

"அக்கா, உள்ள வரலாமா?" என்றாள் முன்னால் நின்ற சுரங்கக்காரி ரெக்சலின்.

"உள்ள காத்து பத்தாதும்மா," என்றான் சூசை. சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. சுரங்கத்து ஆட்கள்தான் தென்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களேதான் அமலியின் வண்டியில் ஏறி, அவள் போடும் பாட்டைக் கேட்கிறார்கள். உத்தேசிக்கோ ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத விவரம். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போயிருக்கிறது. ஆசை ஆசையாக அவன் சேர்த்த ஒவ்வொரு வரியும் வருகிறவர்களைத் துரத்தியிருந்தது.

"நாந்தான் கெடுத்தேன் அமலி. சுரங்கத்து ஆளுவன்னு மட்டும் சொல்லியிருந்தா மண்டபமே கெடச்சிருக்கும்."

"கூறு கெட்ட மனுசன்," என்றாள். கண் கலங்கியிருந்தது, அவ்வளவு சந்தோஷம். "எல்லாரும் நம்ம வண்டில ஏறுங்க. அங்க எடமும் இருக்கு, காத்தும் இருக்கு."

இரண்டு தட்டுச் சோற்றை ஆளுக்கொரு வாயாகப் பகிர்ந்து, பாட்டைப் போட்டு, பள்ளங்களைச் சுற்றி வந்தார்கள். அமலியே ஓட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் உத்தேசி தன் சுருக்கங்களைப் புதுப்பித்தது. தென்வரிசையில் அது பொறுக்கிய அத்தனை பேரும் வண்டிக்குள் இருந்தார்கள்.

மறுநாள் தென்வரிசைக்கு வரவேண்டிய காலைச் சாப்பாடு முழுவதும் வண்டி நிலையத்துக்குப் போய்விட்டது. அமலிக்கு ஓர் ஆணை வந்தது: 'வண்டி இனி குடியிருப்பாகக் கருதப்படும். குடியிருப்புக்குப் பொறுப்பாளர் தேவை. ஓய்வு ரத்து.'

சூசை கருவிப் பையைத் தூக்கினான். "உத்தேசி தப்பாப் புரிஞ்சிக்கிட்டு. ஒரு நிமிசத்துல சரி பண்ணிருதேன்."

"அதுமேல கைய வச்சீங்கன்னா தெரியும்," என்றாள் அமலி, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே.